சிறகில்லாக் கோழியின் கடைசி இறகு

என் தம்பி அக்ரமின் வலது கையில் மூன்று விரல்களை நப்லான் எடுத்தது ஒரு பகல் வேளையில், சிரித்துக்கொண்டே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கோழி இறகில் தொடங்கி, எங்கள் குடும்பத்துக்கே பைத்தியம் என்று முடிக்கிறார்கள். விரலில் தொடங்கினால்தான் நியாயம்.

ஜைனுதீன் ஹாஜியாரின் மில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, மாத்தளை டவுனுக்குப் போகிற அதே ரோட்டில் இருக்கிறது. மிளகு, மல்லி, கொச்சிக்காய், மஞ்சள், எதைக் கொண்டுபோனாலும் தூளாக்கிக் கொடுப்பார்கள். படிப்பு முடிந்ததிலிருந்து அக்ரமுக்கு அங்கேதான் வேலை. அன்றைக்கு யாரோ சரியாகக் காயாத மஞ்சளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். ஈர மஞ்சள் மெஷினின் வாயில் அடைத்துக்கொண்டது. அக்ரம் சுவிட்சை நிறுத்திவிட்டு, கையை உள்ளே விட்டு அடைப்பைத் தோண்டிக்கொண்டிருந்தான். ஹாஜியாரின் மகன் நப்லான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அக்ரமுக்கும் ஒரே வயது. சிறு வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். என்ன தோன்றியதோ, சும்மா பயங்காட்டலாம் என்று சுவிட்சைப் போட்டு உடனே நிறுத்தினான்.

நான் வீட்டின் முன்பக்கத்தில் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடையில் யாருக்கோ போட்டோகொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் ஒரு கணம் வந்து நின்றது. அதற்குப் பிறகு வந்த சத்தம் மெஷினுடையது இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மஞ்சள் தூளில் ரத்தம் விழுந்து சேறாகிக் கிடந்தது. அக்ரம் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். பெருவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் இருந்தவை இல்லை. நப்லான் சுவரோடு ஒட்டி நின்று, சும்மாதான் செஞ்சேன், சும்மாதான் செஞ்சேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போன் அப்போதும் அவன் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருண்டது. தராசில் இருந்த இரும்புத் தட்டை எடுத்து அவன் தலையில் ஒன்று போட்டேன். இரண்டாவதைப் போடுவதற்குள் மில்லில் இருந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

விரல்களை ஐஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அரைபட்டதை ஒட்ட வைக்க முடியாது என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தது நான். அதை வாபஸ் வாங்க வைத்தது புஹாரி மாமா. அவர் உம்மாவின் தம்பி. வாப்பா மவுத்தானதிலிருந்து எங்கள் வீட்டு முடிவுகள் எல்லாம் அவருடையவை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை கட்டாரில் இருப்பதால் என்னுடைய முடிவுகளும் அவருடையவை என்று ஒரு நினைப்பு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் மாமாவும் ஒருவர், ஹாஜியாரும் ஒருவர். ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே மையவாடி, நாளைக்கு எல்லோரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் அடக்கப் போகிறார்கள், கோர்ட்டுக்குப் போய் என்ன காணப்போகிறாய் என்று மாமா கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சமாதானம் வைத்தார்கள். எங்கள் பள்ளியில் அதற்கு ஒரு முறை உண்டு. நிர்வாகத்தார் முன்னால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிய பிறகு, தப்புச் செய்தவனும் பட்டவனும் எழுந்து ஸலாம் சொல்லி முஸாபஹா செய்யவேண்டும். ஒருவன் கையை மற்றவன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்வது. அது நடந்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கிறவன்தான் குற்றவாளி.

பெண்களுக்கு அந்த அறையில் இடமில்லை. நான் வெளியே த்ரீவீலில் இருந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்ரம் கட்டுப்போட்ட கையை நீட்டினான். நப்லான் தன் இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டு, அன்பு மிகுதியில் நன்றாக அழுத்தினான். தையல் போட்டிருந்த இடத்திலேயே அழுத்தினான். அக்ரமின் முகம் வெளுத்துப் போனது எனக்கு ரோட்டில் இருந்தே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். மாமா வெளியே வந்து என்னிடம், “முடிஞ்சுது மகள்” என்றார்.

எங்கள் வீட்டில் முடியவில்லை. அங்கே அப்போதுதான் தொடங்கியது.

அக்ரமுக்கு இருபத்திரண்டு வயது. இடது கையால் சாப்பிட எங்கள் வீட்டில் யாரும் பழகியதில்லை. வலது கையில் இருந்த இரண்டு விரல்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றனவே தவிர ஒரு பருக்கையையும் எடுக்கவில்லை. உம்மா ஊட்டிவிட்டார். முதல் வாரம் வாயைத் திறந்தான். பிறகு ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டான். அதற்கடுத்த நாள் அதைச் சுவரில் அடித்தான். சோறும் பருப்பும் சுவரில் வழிந்தன. உம்மா குனிந்து பொறுக்கும்போது அவன் அந்தக் கையால் சுவரைக் குத்தினான். தையல் விட்டு ரத்தம் வருகிற வரைக்கும் குத்தினான். நான் போய் இழுத்தபோது என்னையும் தள்ளினான்; என் நெற்றி கதவு நிலையில் பட்டு வீங்கியது. நான் அவன் கன்னத்தில் இரண்டு அறை விட்டேன். அதோடு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். இப்படித்தான் எங்கள் வீட்டில் சமாதானம் இருந்தது.

கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி மூலையில் கிடந்தது. கொடுத்தவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அதில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் இருந்தது, சின்னப் பிள்ளைகளுடையது. புயல் ஒன்று வந்து ஒரு குட்டிக் கோழியின் இறகுகளை எல்லாம் பிடுங்கி எறிந்துவிடும். மொட்டையாக நிற்கிற அந்தக் கோழி காடு, மலை, ஆறு, சுரங்கம் என்று ஓடிப் பாய்ந்து தன் இறகுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கவேண்டும். சில இறகுகள் வழியிலேயே கிடக்கும். சில நீர்வீழ்ச்சிக்குப் பின்னால், சில பாம்புப் புற்றுக்குள், சில தொட்டால் சரிகிற பாறைக்கு மேல். ஒன்றுவிடாமல் சேர்த்தால் கடைசியில் கோழி விழாமல் வானம் முழுக்கப் பறக்கும்.

ஒரு நாள் அதை டீவியில் கொழுவி, கொன்ட்ரோலரை அக்ரமின் மடியில் போட்டேன். விரலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி டொக்டர் ஒரு பஞ்சுப் பந்து கொடுத்திருந்தார். அதை அவன் கூரைக்கு மேல் எறிந்திருந்தான். கொன்ட்ரோலரையும் எறிந்தான். நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி எறிந்தான். ஒரு மொட்டைக் கோழியைப் பார்த்துக் கையில்லாதவன் பயந்துவிட்டானா என்று கேட்டேன். சொல்லக்கூடாத வார்த்தைதான், தெரியும். அவன் என்னை முறைத்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டான்.

பாய்வதற்குப் பெருவிரல் போதும். ஒரு கணம் பறந்து தாண்டுவதற்கு மேலே உள்ள பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும், அது சுட்டுவிரலின் வேலை. அவனுக்கு இருந்தது சுண்டுவிரல். அது அந்த இடத்துக்கு எட்டாது. எட்ட வைத்தான். நாள் முழுக்க உட்கார்ந்து, விரலை இடது கையால் பிடித்து வளைத்து, பட்டனில் வைத்து வைத்து எட்ட வைத்தான். கோழி ஆற்றில் விழும், முள்ளில் குத்துப்படும், கல்லுக்கு அடியில் நசுங்கும், மறுபடி எழும்பும். நசுங்கும்போதெல்லாம் அவன் கெட்ட வார்த்தை சொல்வான். உம்மா உள்ளே இருந்து அஸ்தஃபிருல்லாஹ் என்பார். கொன்ட்ரோலரில் ரத்தம் படிந்தது. நான் துடைத்துக் கொடுத்தேன்.

முதல் உலகத்து இறகுகளை எடுத்து முடித்த வாரத்தில் தன் சேர்ட் பட்டனைத் தானே போட்டான். சுரங்கத்து இறகுகளை எடுத்தபோது பிளேன்டித் தேநீர்க் கப்பைத் தூக்கினான். பனிமலை முடிந்தபோது ஒரு நாள் உம்மா ஊட்ட வந்த சோற்றை, தள்ளு உம்மா என்று சொல்லி, பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் கிள்ளி எடுத்து வாயில் போட்டான். பாதி மடியில் விழுந்தது. உம்மா சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசியாக ஒரே ஒரு இறகு மிச்சம் இருந்தது. அது ஒரு கோபுரத்துக்குள், எதிரெதிராகச் சுற்றுகிற இரண்டு பெரிய அரைகல்லுக்கு நடுவில் இருந்தது. பாய்ந்து, பாய்ச்சலின் நடுவிலேயே பறந்து, கல் மூடுவதற்குள் எடுத்துக்கொண்டு வெளியே பாயவேண்டும். பெருவிரலும் சுண்டுவிரலும் ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டும். இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு மனதில் என்ன இருந்திருக்குமோ தெரியாது. அந்த அரைகல் வரும்போது நான் டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். அக்ரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கல் அரைத்தது, அரைத்தது, அரைத்துக்கொண்டே இருந்தது.

சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். கையைப் பற்றிச் சொன்ன பிறகும் வரச்சொல்லியிருந்தார்கள். அவன்தான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் நானும் அவனும் கண்டி கிளினிக்குக்குப் போனோம். காயம் நன்றாக ஆறிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்றார் டொக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் அக்ரம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

“ராத்தா, அந்தக் கடைசி இறகை நானே எடுத்துட்டா சீகிரியாவுக்குப் போறேன். இன்னைக்கு எடுத்துருவேன். நேத்து ஒரு மயிரிழையிலதான் தவறிச்சு.”

எடுக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. எடுக்காவிட்டால் அந்தக் கையை இனி எதற்கும் நீட்டமாட்டான் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைக் குத்திக்கொண்டிருப்பான். பஸ்ஸில் இருந்தபடியே அந்த மொட்டைக் கோழிக்காக நான் துஆ கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நப்லானின் செருப்புக் கிடந்தது.

ஹாஜியார் வீட்டில் ஏதோ விசேஷம். ஒரு சட்டி புரியாணியோடு மகனை அனுப்பியிருந்தார். உம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, டீவிக்கு முன்னால் உட்காரவைத்து, பிளேன்டி ஊற்றிக் கொடுத்திருந்தார். பிறகு நான் கத்தியபோது உம்மா, “ஸலாம் சொல்லிட்டு வந்த புள்ளைய வாசல்லயா நிப்பாட்ட?” என்று கேட்டார். அதுவும் சரிதான். முஸாபஹா நடந்த வீட்டில் கதவை மூடமுடியாது. மூடினால் நாங்கள்தான் சமாதானத்தை முறித்தவர்கள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது டீவியில் வானம் முழுக்க நீலமாக இருந்தது. கோழி பறந்துகொண்டிருந்தது. எல்லா இறகுகளோடும், தங்க நிறத்தில், மலைக்கு மேல், ஆற்றுக்கு மேல், அக்ரம் அத்தனை தடவை விழுந்து செத்த இடங்களுக்கு எல்லாம் மேலாகப் பறந்துகொண்டிருந்தது. நப்லான் கொன்ட்ரோலரை மடியில் வைத்தபடி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான்.

“மச்சான், ஒரே ஒரு இறகுதான் மிச்சம் இருந்துச்சு. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நான் எடுத்துக் குடுத்துட்டேன். இப்ப பாரேன்.”

அவன் பிளேன்டியில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. பத்து விரல் உள்ளவனுக்கு அது அவ்வளவு நேரத்து வேலைதான்.

அந்த விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பிப்போக முடியாது. எடுத்தது எடுத்ததுதான், அதுவாகவே பதிந்துவிடும். புதிதாகத் தொடங்கினால் இருக்கிற அத்தனை இறகுகளும் அழிந்துவிடும். வேறொரு நாள் மாமா, அப்படியென்றால் முதலிலிருந்து விளையாட வேண்டியதுதானே என்று கேட்டார். மாமாவுக்கு என்ன, அவர் கேட்பார்.

அக்ரம் நேரே நப்லானிடம் போனான். போய் கொன்ட்ரோலரை வாங்கினான். நப்லான் அவனுக்கு அதைக் கொடுக்கும்போதும் சிரித்தான். அக்ரம் அதை அவன் வாயில் அடித்தான். இடது கையால், முழு வீச்சோடு. பல் உடைகிற சத்தம் கேட்டது. நப்லான் கதிரையோடு பின்னால் விழுந்தான். அக்ரம் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தான், மூக்கில், கண்ணில், கன்னத்தில். கொன்ட்ரோலர் இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்த பச்சைத் தகடு வெளியே வந்தது. அந்தத் தகட்டின் விளிம்பால் அவன் புருவத்தைக் கிழித்தான். உம்மா புரியாணிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு யா அல்லாஹ் என்று நின்ற இடத்திலேயே நின்றார். நப்லான் எருமை போல உடம்பு உள்ளவன். எப்படியோ புரண்டு, அக்ரமை உதைத்துத் தள்ளி, ரத்தம் ஒழுக ஒழுக என் கடை வழியாக ரோட்டுக்கு ஓடினான். போகிற போக்கில் போட்டோகொப்பி மெஷினின் கண்ணாடியில் அவன் கை பட்டு ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

அக்ரம் பின்னால் ஓடினான். அவனுக்குப் பின்னால் நான் ஓடினேன். தடுப்பதற்காக ஓடினேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்.

மில்லில் யாரும் இல்லை. லுஹருக்குப் பாங்கு சொல்லி எல்லோரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். நப்லான் ஷட்டரை இழுத்து மூடப் பார்த்தான். ரத்தத்தில் கை வழுக்கியது. அக்ரம் குனிந்து உள்ளே புகுந்து அவனை இடுப்பில் முட்டினான். கொச்சிக்காய் மூட்டைகள் சரிந்தன. காரம் எழும்பி எங்கள் மூவருக்கும் கண்ணும் மூக்கும் எரிந்தன. நப்லான் ஒரு மண்வெட்டியை எடுத்து வீசினான். அது அக்ரமின் தோளில் பட்டுத் துணி கிழிந்தது. அடுத்த வீச்சுக்கு நான் விடவில்லை. பின்னால் இருந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அவன் மல்லாந்து விழுந்து மண்டை சிமெந்தில் மோதியது. எழும்பப் பார்த்தவனை அக்ரம் சட்டையோடு பிடித்துத் தூக்கி, அதே மெஷினில் சாய்த்து, இடது கையால் கழுத்தை அமுக்கிக்கொண்டு, நப்லானின் வலது கையை மெஷினின் வாய்க்குள் திணித்தான்.

“சுவிட்சப் போடுங்க ராத்தா.”

நான் சுவிட்சில் கையை வைத்தேன். சிவப்புச் சுவிட்ச். நப்லான் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். யோசிக்கவில்லை, பயப்படவில்லை, அல்லாஹ்வை நினைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்து பார்த்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான்.

நப்லான் அழத் தொடங்கினான். உடைந்த பல்லுக்கு நடுவே அவன் சொன்னது அரைகுறையாகத்தான் விளங்கியது. “மச்சான், விரலுக்குத்தான் பள்ளில பேசி முடிச்சாச்சே. ஸலாம் சொன்னோமே.”

“இது விரலுக்கு இல்லடா,” என்றான் அக்ரம். “இறகுக்கு.”

நப்லானுக்கு அது புரியவே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், உண்மையிலேயே புரியவில்லை. நல்லது செய்யத்தான் வந்திருந்தான். அவனுடைய வாப்பா, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது உதவி செய் மகன் என்று சொல்லியிருப்பார். இவன் அவனுக்காக ஒரு இறகை எடுத்துக் கொடுத்தான். எனக்கு அவன்மேல் அப்போதுதான் இன்னும் அதிகமாக ஆத்திரம் வந்தது. கெட்டவனாக இருந்தாலாவது அடித்து ஓய்ந்துபோகலாம்.

அவன் கையை இழுத்தான். முழு உடம்பையும் போட்டு இழுத்தான். காலை மெஷினில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, உறுமிக்கொண்டு இழுத்தான். மாட்டிறைச்சியும் நெய்ச்சோறும் தின்று வளர்ந்த உடம்பு. கை வரவில்லை. திருகிப் பார்த்தான். வரவில்லை.

அப்போதுதான் அக்ரம் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் இடது கை நப்லானின் கழுத்தில் இருந்தது. நப்லானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது வலது கை. பெருவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் மறுபக்கம், இரண்டும் சதைக்குள் புதைந்து ஒன்றையொன்று தொடுகிற அளவுக்கு இறுகிப்போயிருந்தன. கோழியைப் பாயவைத்த விரலும் பறக்கவைத்த விரலும். அவ்வளவு பெரிய உடம்பு அந்த இரண்டு விரல்களில் மாட்டிக்கொண்டு துடித்தது.

அக்ரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம் இறுக்கினான். நப்லான் அலறினான். இன்னும் இறுக்கினான். எலும்பு ஏதோ நெரிகிற சத்தம் வந்தது. அவன் முகத்தில் இருந்த கோபம் மெல்ல மெல்ல இறங்கி, வேறு ஏதோ வந்தது. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசியபோது இருந்த முகம் அது.

“வேணாம் ராத்தா. கைய எடுங்க.”

நான் எடுக்கவில்லை.

அவன் நப்லானை விட்டான். நப்லான் கையை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு தரையில் சரிந்து, மூட்டைக்குப் பின்னால் தவழ்ந்துபோனான். மெஷினின் வாய் வெறுமையாக இருந்தது. அப்போதும் நான் கையை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை. இழுத்து வந்து மறுபடியும் திணி என்று அக்ரமிடம் சொன்னேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். நீ விட்டாலும் நான் விடமாட்டேன், என் தம்பிக்கு உம்மா சோறு ஊட்டியதை இவனும் இவனுடைய உம்மாவும் அனுபவிக்கட்டும் என்று சொன்னேன். எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. கொச்சிக்காய்த் தூளாகவும் இருக்கலாம்.

அக்ரம் என் பக்கத்தில் வந்து நின்றான். என் கையை இழுக்கவில்லை. வலது கையைக் கொண்டுவந்து, என் சுண்டுவிரலைக் கிள்ளிப் பிடித்துச் சுவிட்சிலிருந்து தூக்கினான். நான் மறுபடி அழுத்தப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. பிறகு அடுத்த விரல். அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஒன்றும் தவறவிடாமல் எடுத்தான். பெருவிரல்தான் கடைசி. அதையும் எடுத்து, என் கையை மொத்தமாகத் தன் இரண்டு விரல்களுக்குள் வைத்துக்கொண்டான்.

“கை நல்லா வேலை செய்யுது ராத்தா,” என்றான். “வாங்க போவோம்.”

ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். கோழி இன்னும் பறந்துகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தத் தெரியாமல் உம்மா டீவிக்கு முன்னால் நின்றார். அக்ரம் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

நப்லானுக்கு இரண்டு பல் போனது, புருவத்தில் தையல், மணிக்கட்டில் வெடிப்பு. பொலிஸ் வந்தது, போனது. ஹாஜியார் கத்தினார், மாமா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடியும் அதே அறை, மறுபடியும் நான் வெளியே த்ரீவீலில். ஒரு பொம்மைக் கோழியின் இறகுக்காக ஒரு பிள்ளையை இப்படி அடிப்பார்களா என்று ஹாஜியார் எல்லோரிடமும் கேட்டது ரோடு வரைக்கும் கேட்டது.  

பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்கள். இந்தத் தடவை கட்டு நப்லானின் கையில் இருந்தது. அவன் அதை நீட்டினான். அக்ரம் அதைத் தன் இரண்டு கைகளாலும் பற்றினான். வலது கை பட்டதும் நப்லானின் தோள் இரண்டும் தூக்கிப்போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்தத் தடவை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அக்ரம் அழுத்தவில்லை. மெதுவாகப் பிடித்து, மெதுவாக விட்டான்.

அவன் இப்போது சீகிரியாவில் இருக்கிறான். கீரை நறுக்குவதில் சமையலறையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று போனில் சொல்கிறான். அதில் பாதி பெருமையாக இருக்கும். உம்மாவுக்கு மாதம் ஒரு தடவை வந்து தன் கையால் ரொட்டி பிசைந்து கொடுக்கிறான்.

அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது எதிரே மில்லின் ஷட்டரும் திறக்கிறது. நப்லான் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில் சிவப்புச் சுவிட்ச் தெரிகிறது. என் விரல்கள் தானாக விறைக்கின்றன. அக்ரமின் அந்த இரண்டு விரல்களை நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுத்தான் போட்டோகொப்பி மெஷினைப் போடுகிறேன்.